காலநிலை மாதிரியாக்கத்தில் முதுமுனைவர் ஆய்வு: மேரி கியூரி நிதிநல்கைக்கு விண்ணப்பிக்கலாமா? ஹாம்பர்க்கா, புனேயா?

பதிவு 1: தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். வடகிழக்குப் பருவத்தில் பெருமழை நாட்கள் எவ்வாறு உருவாகின்றன என்பது பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். வாய்மொழித் தேர்வு அடுத்த மாதம் நடைபெறும். அதன்பின் காலநிலை மாதிரியாக்கத்தில் போஸ்ட்டாக், அதாவது முதுமுனைவர் ஆய்வு, செய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கே, எந்த நிதியில், எந்தக் கேள்வியோடு செல்வது என்பதில்தான் உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது.

என் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கொடோவ்ஸ்கா கியூரி முதுமுனைவர் நிதிநல்கைக்கு, ஹாம்பர்க்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனத்தை ஏற்பு நிறுவனமாகக் காட்டி விண்ணப்பிப்பது ஒன்று. அங்கே ஐகான் என்ற கணினி மாதிரியை, உலகைச் சில கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து இயக்குகிறார்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் புவி அமைப்பு மாதிரியில் (வளிமண்டலம், கடல், நிலம் ஆகியவற்றை இணைத்துக் கணக்கிடும் மாதிரி) பணியாற்ற முயல்வது மற்றொன்று.

எனக்கு இந்தத் துறை வெறும் வேலை அன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஏரலில் இருந்த எங்கள் வீட்டில் அம்மாவும் பாட்டியும் இரண்டு இரவுகள் மாடியிலேயே இருந்தார்கள். பெயர் சூட்டும்படியான புயல் எதுவும் அன்று இல்லை. குமரிக்கடல் பகுதியில் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி ஒன்று நிலைகொண்டிருந்தது, அவ்வளவுதான். அத்தகைய நாள் வெப்பமடையும் உலகில் மீண்டும் எத்தனை முறை வரும் என்று கேட்டால், இன்றைய மாதிரிகளில் பெரும்பாலானவற்றால் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதிலை நோக்கி ஓரடியாவது நகர எந்த வழி சிறந்தது?

பதிவு 2: எல்பே நதிக்கரை

உங்கள் பதிவைப் படித்தபோது எனக்கும் அந்த வாரம் நினைவுக்கு வந்தது. திருவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ப் பயணிகள் சிக்கிக்கொண்ட செய்தியை ஹாம்பர்க்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்நகரில் நில மேற்பரப்பு மாதிரிகளில் ஐந்தாண்டுகளாகப் பணியாற்றுகிறேன். எனவே எனக்கு இங்கே ஒரு சாய்வு உண்டு என்பதைக் கருத்தில் கொண்டு இதைப் படியுங்கள்.

வழக்கமான உலகளாவிய காலநிலை மாதிரிகளின் கட்டம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அளவுடையது. திருச்செந்தூர்க் கடற்கரையிலிருந்து பாபநாசம் மலையடிவாரம் வரை அந்தத் தொலைவுகூட இல்லை என்பதால், கடலோர மணல், தேரிக்காடு, வயல், மலை அனைத்தும் ஒரே கட்டத்துக்குள் அடங்கி ஒரே எண்ணாகிவிடுகின்றன. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் அந்த மாதிரியின் உலகில் இல்லவே இல்லை. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி சில நூறு மீட்டர் மேடாகச் சுருங்கிவிடுகிறது. இடிமேகம் ஒன்றின் அகலம் சில கிலோமீட்டர்தான் என்பதால், அதை நேரடியாகக் கணக்கிட முடியாமல், கட்டத்தின் சராசரி வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றிலிருந்து மழையை ஊகிக்கும் சூத்திரங்களைப் பயன்படுத்துகிறார்கள். இதையே வெப்பச்சலன அளவுருவாக்கம் என்கிறோம். மாதிரிகள் நிலத்தின் மேல் நண்பகலிலேயே மழையைக் கொட்டிவிடுவதும், நாள் முழுவதும் தூறிக்கொண்டிருப்பதும் பெரிதும் இந்தச் சூத்திரங்களின் விளைவுதான். ஐப்பசியில் விடியற்காலை மழைக்கு விழித்துப் பழகிய சென்னைவாசி அந்த வெளியீட்டைப் பார்த்தால் இது எங்கள் ஊர் மழை இல்லை என்று உடனே சொல்லிவிடுவார்.

கட்டத்தைச் சில கிலோமீட்டராகக் குறைத்தால் அந்தச் சூத்திரத்தை அணைத்துவிட்டு, காற்று மேலெழுவதை இயற்பியல் சமன்பாடுகளிலிருந்தே பெற முடிகிறது. ஆனால் கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் இரு திசைகளிலும் புள்ளிகள் இரட்டிப்பாவதோடு காலப் படியும் (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) பாதியாக வேண்டும் என்பதால், கணக்கு ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. இதனால்தான் இத்தகைய மாதிரியை இயக்கப் பெரிய கணினிகளும், அவற்றை அறிந்த மனிதர்களும் வேண்டியிருக்கிறது. ஐகான் மாதிரியை மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் ஜெர்மன் வானிலைச் சேவையும் இணைந்து உருவாக்கின. 2015 ஜனவரி முதல் அந்நாட்டின் அன்றாட வானிலைக் கணிப்பும் அதிலேயே நடக்கிறது. 2025 இல் அதை உலகம் முழுவதற்கும் 1.25 கிலோமீட்டர் கட்டத்தில், வளிமண்டலம், கடல், நிலம், கார்பன் சுழற்சி அனைத்தையும் இணைத்து, ஒரு நாளில் 145 நாட்களைக் கணக்கிடும் வேகத்தில் இயக்கிக் காட்டினார்கள். நீங்கள் சொல்லும் மழையைப் பார்க்க விரும்பினால் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

பதிவு 3: பழைய வானிலையாளர்

அம்மா, முதலில் உங்கள் ஆய்வேட்டுக்கு வாழ்த்துகள். முப்பது ஆண்டுகள் முன்னறிவிப்புப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையைப் பதிவு செய்கிறேன்.

கட்டம் சிறிதானால் எல்லாப் பிழைகளும் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையோடு செல்லாதீர்கள். வடகிழக்குப் பருவமழையின் அடிப்படை வங்காள விரிகுடாவின் மேற்பரப்பு வெப்பத்தில் இருக்கிறது. பெரிய ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் நன்னீர், அந்தக் கடலின் மேல் ஒரு மெல்லிய, உப்புக் குறைந்த அடுக்காகப் பரவி, கீழிருக்கும் குளிர்ந்த நீர் மேலே கலப்பதைத் தடுக்கிறது. மாதிரியில் அந்த அடுக்கு தவறாக இருந்தால், மேகத்தை எத்தனை நுட்பமாகக் கணக்கிட்டாலும் மழை தவறான இடத்தில்தான் விழும். அதற்கும் அப்பால், பசிபிக் கடலின் வெப்பமண்டலப் பகுதி வழக்கத்தைவிட வெப்பமாகும் எல் நினோ இருக்கிறது. அது தென்மேற்குப் பருவத்தைப் பெரும்பாலும் நலிவுறச் செய்கிறது; நம் வடகிழக்குப் பருவத்தையோ பெரும்பாலும் வலுப்படுத்துகிறது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்த 2015 ஆம் ஆண்டு, மிக வலுவான எல் நினோ ஆண்டு. பசிபிக் கடலிலிருந்து இங்கு வரை நீளும் இந்தத் தொடர்பைச் சரியாகக் காட்ட நீண்ட காலத்துக்கு இயக்கப்படும் மாதிரி வேண்டும். ஓரிரு பருவங்களை மட்டும் மிக நுட்பமாக இயக்கினால் அது கிடைக்காது.

புனேயை இரண்டாம் தேர்வாக நினைப்பதும் சரியன்று. ஆறாவது பன்னாட்டு மாதிரி ஒப்பீட்டுத் திட்டத்துக்கு இந்தியாவிலிருந்து சென்ற முதல் புவி அமைப்பு மாதிரி அவர்களுடையது. வேற்று நாட்டு மாதிரி ஒன்றை எடுத்து, பருவமழைக்காகப் பல ஆண்டுகள் பொறுமையாகச் செப்பனிட்டவர்கள் அவர்கள். அதன் கட்டம் பெரியதுதான். ஆயினும், மழை ஏன் தவறுகிறது என்று மாதிரியைத் திறந்து தேடும் பழக்கம் அங்கே இருக்கிறது. 2024 செப்டம்பரில் 11.77 பெட்டாஃப்ளாப் (நொடிக்குச் செய்யும் கணக்குகளின் அளவு) திறனுள்ள அர்கா கணினியும் அங்கு வந்துவிட்டது.

1967 இல் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் உலகம் முழுவதையும் ஒரே ஒரு செங்குத்துக் காற்றுப் பத்தியாகச் சுருக்கிக்கொண்டு, கரியமில வாயு இரட்டிப்பானால் வெப்பநிலை 2 டிகிரிக்குச் சற்று மேலே உயரும் என்று கணக்கிட்டார்கள். மனாபேக்கு 2021 இல் நோபல் பரிசு கிடைத்தது; ஹாம்பர்க் நிறுவனத்தின் முதல் இயக்குநரான கிளவுஸ் ஹாசல்மனும் அவ்வாண்டு அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஒற்றைப் பத்தி போதுமானதாக இருந்ததற்குக் காரணம், அவர்கள் கேட்ட கேள்வி அதற்கு ஏற்றதாக இருந்ததுதான். உங்கள் கேள்வி என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இடம் அதிலிருந்து தானாகத் தெரியவரும்.

பதிவு 4: கணிமேகம்

நான் வானிலையாளன் அல்லன். மீத்திறன் கணினிகளில் இத்தகைய மாதிரிகளை நிறுவி இயக்கித் தரும் பணியில் இருக்கிறேன். போஸ்ட்டாக் வாய்ப்புகளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலானோர் கேட்க மறக்கும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

கணினி நேரம் யாருடைய பெயரில் இருக்கிறது, எத்தனை மணி, எத்தனை மாதத்துக்கு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எனக்கு நெருங்கிய ஒருவர், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆய்வகத்தில் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். குழுவின் ஆண்டுக் கணினி ஒதுக்கீடு முதல் நான்கு மாதங்களிலேயே தீர்ந்துவிட்டது. மீதிக் காலம் முழுவதும், பிறர் இயக்கிய மாதிரிகளின் வெளியீட்டைப் பதிவிறக்கி வரைபடம் வரைவதிலேயே அவருக்குக் கழிந்தது. கட்டுரைகள் வந்தன, ஆனால் மாதிரியாக்கர் என்று தன்னை அழைத்துக்கொள்ள அவருக்கே மனம் ஒப்பவில்லை, அடுத்த நேர்காணலில் மாதிரியின் உள்ளே என்ன மாற்றினீர்கள் என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இல்லை.

வெளியீட்டை ஆராய்வது இழிவான வேலை என்று நான் சொல்லவில்லை. பைத்தான் நிரல்மொழியில் தரவை அலசத் தெரிந்தவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய மாதிரியின் நிரலைத் திறந்து, ஒரு நிகழ்முறையை மாற்றி, கணினி இயக்கும் வடிவுக்கு மறுபடி தொகுத்து, ஆயிரம் செயலிகளில் ஓட்டி, ஆற்றல் சமநிலை குலையவில்லை என்று சரிபார்க்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இரண்டாண்டில் அந்தத் திறன் கிடைக்குமா என்பதே என் அளவுகோல். சேமிப்பு இடத்தையும் கேளுங்கள். நுண்கட்ட ஓட்டங்களின் வெளியீடு பெட்டாபைட்டுகளில் வளரும். எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்பதே தினசரி முடிவாகிவிடும்.

ஐகானின் நிரல் 2024 ஜனவரியிலிருந்து திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே அதை இறக்கி, ஒரு சிறிய சோதனை ஓட்டத்தை நீங்களே செய்து பாருங்கள்.

பதிவு 5: நீலாம்பல்

சகோதரி, அறிவியலை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் இதே நிதிநல்கையில் இரண்டாண்டுகள் இருந்தவள். முதல் முறை நிராகரிக்கப்பட்டு, இரண்டாம் முறை தேர்வானேன். ஆகவே விதிகளைப் பற்றி எழுதுகிறேன்.

கடைசித் தேதி வழக்கமாகச் செப்டம்பரில் வரும். அந்த நாளுக்குள் உங்கள் முனைவர் பட்டம் தேர்வாகி முடிந்திருக்க வேண்டும் என்பதால், வாய்மொழித் தேர்வைத் தள்ளிப்போட இடம் கொடுக்காதீர்கள். கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் ஏற்பு நாட்டில் வசித்திருக்கக் கூடாது. இந்தியாவிலேயே இருந்த உங்களுக்கு இதில் சிக்கல் இல்லை. ஆய்வுத் திட்டம் பத்துப் பக்கம். ஆய்வின் சிறப்புக்கு 50 விழுக்காடும், தாக்கத்துக்கு 30 விழுக்காடும், செயலாக்கத்துக்கு 20 விழுக்காடும் மதிப்பெண். நம் ஊரிலிருந்து எழுதுபவர்கள் முதல் பகுதியில் முழு உழைப்பையும் செலவழித்துவிட்டு மற்ற இரண்டையும் கடைசி இரவில் நிரப்புகிறார்கள். நான் முதல் முறை தோற்றதும் அப்படித்தான்.

போட்டியை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 அழைப்புக்கு 10,360 விண்ணப்பங்கள் வந்தன. 1,696 பேர் தேர்வானார்கள். 2025 இல் விண்ணப்பங்கள் 17,058 ஆக உயர்ந்தன, ஒதுக்கப்பட்ட தொகையோ ஏறத்தாழ முன்னைய அளவே. எனவே இதை மட்டும் நம்பி ஓராண்டைக் காத்திருப்பில் கழிக்காதீர்கள். இந்தியாவில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் தேசிய முதுமுனைவர் நிதிநல்கைக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். அதன் 35 வயது உச்சவரம்பில் பெண்களுக்கு ஐந்தாண்டு தளர்வு உண்டு. ஜெர்மனிக்கே செல்ல வேண்டுமானால் ஹம்போல்ட் ஆய்வு நிதிநல்கையும் இருக்கிறது.

பணத்தைப் பற்றி ஒரு சொல். மேரி கியூரி அறிவிப்பில் காணும் மாதத் தொகை உங்கள் கைக்கு வரும் தொகை அன்று. நிறுவனம் செலுத்த வேண்டிய சமூகக் காப்பீட்டுப் பங்கும் அதிலிருந்தே கழியும், பிறகு உங்கள் பங்கும் வரியும் கழியும். அதைப் பார்த்து வீட்டுக்கு மாதம் இவ்வளவு அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்து நான் பட்ட வருத்தம் உங்களுக்கு வேண்டாம். மறுபுறம், உங்களுக்குக் கிடைப்பது உதவித்தொகை அன்று, பணி ஒப்பந்தம். மருத்துவக் காப்பீடும் மகப்பேறு விடுப்பும் அதில் அடங்கும். என் மகள் அந்த இரண்டாண்டுகளில்தான் பிறந்தாள்.

பதிவு 6: தாமிரபரணிக்கரை

நீங்கள் அனைவரும் எழுதியதை மூன்று முறை படித்தேன். வானிலையாளர் ஐயா சொன்னபடி என் கேள்வியை எழுதிப் பார்த்தேன்: “2023 டிசம்பர் பெருமழையை ஐகான் மாதிரி சரியாகக் காட்டுகிறதா, வெப்பமடையும் உலகில் அது எவ்வாறு மாறும்?” ஐரோப்பாவின் நெக்ஸ்ட்ஜெம்ஸ் திட்டத்தில் 10 கிலோமீட்டர் கட்டத்தில் முப்பது ஆண்டுகளைக் கணக்கிட்ட ஐகான் ஓட்டம் ஒன்று ஏற்கெனவே இருப்பதாக அறிகிறேன். அதில் அந்த நாளைத் தேடி எடுப்பதிலிருந்து தொடங்கலாமா?

பதிவு 7: எல்பே நதிக்கரை

இந்த இடத்தில் கவனம் தேவை. அந்த ஓட்டம் 2020 முதல் 2049 வரையிலான ஆண்டுகளைக் குறித்தாலும், கடலும் வளிமண்டலமும் தம் போக்கில் இயங்க விடப்பட்ட காலநிலைக் கணக்கு அது. அதில் 2023 டிசம்பர் 17 என்று ஒரு நாள் இருக்கும். ஆனால் அது நம்முடைய டிசம்பர் 17 ஆகாது. அன்று குமரிக்கடலில் சுழற்சி இருக்க வேண்டிய கட்டாயம் அந்த மாதிரிக்கு இல்லை. உங்கள் வாக்கியம் உண்மையில் இரண்டு கேள்விகள். நடந்த நிகழ்வை மாதிரி காட்டுகிறதா என்பது ஒன்று. அதற்கு, அன்றைய அவதானிப்புகளை உள்ளடக்கிய தொடக்க நிலையிலிருந்து சில நாட்களுக்கு மட்டும் மாதிரியை ஓட்ட வேண்டும். அத்தகைய நிகழ்வு எத்தனை முறை நேரும் என்பது மற்றொன்று; அதற்குத்தான் முப்பதாண்டு ஓட்டம் உதவும். அங்கே நீங்கள் தேட வேண்டியது அந்த நாளை அன்று, அந்த நாளைப் போன்ற எல்லா நாட்களையும்.

அந்த ஐகான் ஓட்டத்தில் வெப்பச்சலன அளவுருவாக்கம் அணைக்கப்பட்டிருந்தது என்பது உங்களுக்குச் சாதகமானது. ஆனால் 10 கிலோமீட்டர் என்பது இடிமேகத்துக்கு இன்னும் பெரியதுதான். அங்கு மழை சிறு சிறு இடங்களில் மிகக் கடுமையாகக் குவிய வாய்ப்புண்டு. 95 சென்டிமீட்டர் என்று ஓர் எண் கிடைத்தால் மகிழ்ந்துவிடாமல், சரியான காரணத்தால் கிடைத்ததா என்று பாருங்கள்.

பதிவு 8: வல்லைவெளி

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நான் இப்போது இங்கிலாந்தில் கடல்சார் மாதிரிகளில் வேலை செய்கிறேன். உங்கள் திட்டத்தின் எல்லையைத் தமிழ்நாட்டுக் கரையோடு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இலங்கையின் அகலம் ஏறத்தாழ 225 கிலோமீட்டர். வழக்கமான மாதிரியில் குறுக்கே இரண்டு கட்டங்கள். நடுவே இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் எழும் மலைநாடு அதில் கரைந்துபோகிறது. வடகிழக்குக் காற்று முதலில் மோதுவது எங்கள் கிழக்குக் கரையில். தூத்துக்குடிக்கு வரும் காற்றின் ஒரு பகுதி அந்த மலைகளைச் சுற்றியும் மன்னார் வளைகுடாவைக் கடந்தும்தான் வருகிறது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் எங்கள் தீவை எவ்வாறு சிதைத்தது என்பதை அறிவீர்கள். மலைநாட்டு மண்சரிவுகளில் மாண்டவர்களை நினைக்கும்போது, இந்தக் கட்ட அளவு விவாதம் எனக்கு நுட்ப விவாதமாகத் தோன்றுவதில்லை.

மலையை வைத்துக்கொண்டு ஒருமுறையும், இலங்கையின் மலைகளைச் சமதளமாக்கி ஒருமுறையும் 2023 நிகழ்வை ஓட்டிப் பாருங்கள். எளிய சோதனைதான், ஆனால் இயற்பியலைப் பற்றித் தெளிவாகப் பேசும்.

பதிவு 9: பழைய வானிலையாளர்

வல்லைவெளி சொன்ன சோதனையை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். பணியில் இருந்த காலத்தில், குமரிக்கடல் சுழற்சி எப்போது பெருமழையாகும், எப்போது மேகமூட்டத்தோடு கலைந்துபோகும் என்று பலமுறை வரைபடத்தின் முன் அமர்ந்து தவித்திருக்கிறேன். மன்னார் வளைகுடாவில் காற்று குவியும் இடம் சற்று நகர்ந்தாலும் மழை கடலிலேயே தீர்ந்துவிடும். மாறாக நிலத்தின் மேல் நின்றுவிட்டால் 2023 ஆகிவிடும். அந்த நகர்வுக்கு மலை காரணமா, கடல் வெப்பம் காரணமா என்பதை ஒருவர் நிறுவிவிட்டால், முன்னறிவிப்பாளருக்கு அது பேருதவி.

ஹாம்பர்க்கைப் பற்றிய என் தயக்கத்தை இந்த அளவில் திரும்பப் பெறுகிறேன். நிகழ்வைப் பற்றிய கேள்விக்கு அதுவே பொருத்தமான இடம். ஆனால் எல் நினோத் தொடர்பையும் அதே இரண்டாண்டில் சேர்க்க முயலாதீர்கள், அம்மா. அது வேறு வேலை. புனேயில் உள்ளவர்களோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

பதிவு 10: நீலாம்பல்

அப்படியானால் புனேயைத் திட்டத்துக்குள்ளேயே கொண்டுவரலாமே. நிதிநல்கைக் காலத்தின் ஒரு பகுதியை வேறொரு நிறுவனத்தில் செலவிட விதிகள் இடம் தருகின்றன. முன்னறிவிப்பாளர்களோடு முடிவுகளைப் பகிர்வதைத் தாக்கப் பகுதியில் எழுதுங்கள். ஆனால் சென்னையில் எவரிடம், எந்த வடிவில், எப்போது என்று தெளிவாக எழுதினால்தான் மதிப்பீட்டாளர் நம்புவார்.

பதிவு 11: தாமிரபரணிக்கரை

நன்றி சொல்லி முடிக்கும் அளவுக்கு இது சிறிய உதவி அன்று. இப்போதைக்கு நான் எடுத்துள்ள முடிவுகளை எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள்.

மேரி கியூரிக்கு ஹாம்பர்க்கைக் காட்டி விண்ணப்பிப்பேன். தேசிய முதுமுனைவர் நிதிநல்கைக்குப் புனேயைக் காட்டித் தனியாக எழுதுவேன். முதல் திட்டத்தின் கேள்வி இது: 2023 டிசம்பரில் குமரிக்கடல் சுழற்சியின் மழை தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் மேல் நின்றதற்கு இலங்கையின் மலைகளும் மன்னார் வளைகுடாவின் கடல் வெப்பமும் எந்த அளவுக்குப் பொறுப்பு? முதலாண்டில் மலை உள்ள ஓட்டம், மலை இல்லாத ஓட்டம், கடல் வெப்பம் மாற்றிய ஓட்டம். இரண்டாம் ஆண்டில், ஏற்கெனவே உள்ள முப்பதாண்டுத் தரவில் அந்த நாளைப் போன்ற நாட்களைத் தேடுவது. எல் நினோவைத் தேசிய நிதிநல்கைத் திட்டத்துக்கு விட்டுவிட்டேன்.

நேற்று இரவு ஐகான் நிரலை என் துறையின் பழைய பணிநிலையக் கணினியில் தொகுக்க முயன்றேன். தரவுக் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் நெட்சிடிஎஃப் என்ற நிரல் நூலகத்தின் இணைப்பில் நின்றுவிட்டது. கணிமேகம் அவர்களே, பிழைச் செய்தியை உங்களுக்குத் தனியாக அனுப்பலாமா?

பதிவு 12: கணிமேகம்

அனுப்புங்கள். நெட்சிடிஎஃப் நூலகம், நீங்கள் ஐகானைத் தொகுக்கும் அதே ஃபோர்ட்ரான் தொகுப்பியால் உருவாக்கப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள். பத்தில் எட்டு முறை சிக்கல் அங்கேதான் இருக்கும். கணினி நேரத்தைப் பற்றிய கேள்வியை ஏற்பு நிறுவனத்துக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே சேர்த்துவிடுங்கள்.

பதிவு 13: எல்பே நதிக்கரை

அந்த மின்னஞ்சலை இந்த வாரமே எழுதுங்கள். ஜூலை இறுதியிலிருந்து இங்கே பாதிப் பேர் விடுப்பில் சென்றுவிடுவார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் வந்து கேட்பவருக்குத் திட்டத்தைப் படித்துத் திருத்தித் தர எவருக்கும் நேரம் இருக்காது. ஒரு பக்கச் சுருக்கம் போதும். மலை இல்லாத ஓட்டத்தை அதன் முதல் பத்தியிலேயே வையுங்கள்.